மெக்சிகோ சூப்பும் பழவேற்காட்டுச் சுண்ணாம்பும்

பொன்னேரி கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை. மாலை நேரம். பள்ளிவிட்டு வந்த மாணவன் ஒருவன் கையில் ஒரு சிறு பொட்டலத்தை வைத்துக்கொண்டு, அதைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தான். 'மெக்சிகன் சிக்கன் சூப்' என்று அதன்மேல் அச்சிட்டிருந்தது. பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள மீனவர் குப்பம் ஒன்றிலிருந்து தினமும் பேருந்தில் வந்து படிக்கும் பையன். எனக்குப் பழக்கமானவன்.

"என்ன தம்பி, சூப் வாங்கப் போறியா?" என்று கேட்டேன்.

"ஆமா சார். தங்கச்சி டி.வி.யில பாத்துட்டுக் கேக்குது. எங்க வீட்டுல சூப்பெல்லாம் கெடையாது சார். நண்டு ரசம்தான்" என்றான். கடைசி வார்த்தைகளைச் சொல்லும்போது அவன் குரல் தாழ்ந்துவிட்டது.

நண்பர்களே, அந்தக் குரல் தாழ்ந்ததுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஏரியில் பிடித்த நண்டின் காலை உரலில் இடித்து, மிளகும் சீரகமும் பூண்டும் சேர்த்து ரசம் வைக்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளை, ஒரு பொட்டலத் தூளின் முன்னால் ஏன் கூச்சப்பட வேண்டும்? மெக்சிகோ சூப் வேண்டுமென்றால் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அதை வீட்டிலேயே காய்ச்சிச் சாப்பிட வேண்டும். ஒவ்வொரு படியிலும் 'ஏன்?' என்று கேட்டுக் காய்ச்ச வேண்டும் என்பது என் கருத்து. பிற நாட்டுப் பொருளை வாங்கிக்கொண்டு அதன் அறிவை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலக வரலாற்றில் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. அந்தப் பாடத்துக்கும் பழவேற்காட்டுக்கும்கூட ஓர் உறவு உண்டு. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

யாருடைய சூப் இது?

மெக்சிகோ நாட்டு வீடுகளில் கோழிச் சாறு பலவிதமாகக் காய்ச்சுகிறார்கள். அவற்றுள் புகழ்பெற்றது தோர்த்தியா சூப். தோர்த்தியா என்பது மக்காச்சோள மாவில் தட்டிய மெல்லிய ரொட்டி. தக்காளி, மிளகாய், வெங்காயம், பூண்டு ஆகியவற்றைச் சுட்டு அரைத்து, கோழிச் சாற்றில் கொதிக்கவிட்டு, மீந்துபோன தோர்த்தியாவைக் கீற்றுகளாக வெட்டிப் பொரித்து அதில் போடுவார்கள். மேலே கொத்தமல்லித் தழை, எலுமிச்சைச் சாறு. சிலர் வெண்ணெய்ப்பழத் துண்டுகளும் பாலாடைக்கட்டியும் சேர்ப்பார்கள்.

இந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை பாருங்கள். பொன்னேரிச் சந்தையில் கிடைக்காத பொருள் இதில் எது? வெண்ணெய்ப்பழமும் பாலாடைக்கட்டியும் வேண்டுமானால் சென்னைக்குப் போய்த் தேட வேண்டியிருக்கும். அவை இல்லாமலும் சூப் சூப்தான்.

இப்போது ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். மிளகாய், தக்காளி, மக்காச்சோளம் மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். மெக்சிகோ மக்கள் மக்காச்சோளத்தை ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப் புல்லிலிருந்து பயிராக மாற்றினார்கள். மிளகாயையும் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பயிரிட்டார்கள். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கப்பல் வழியே மிளகாய் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன்பு நம் சமையலுக்கு உறைப்புத் தந்தது மிளகுதான். புதிதாக வந்த காய்க்கு 'மிளகு போல் உறைக்கும் காய்' என்ற பொருளில் 'மிளகாய்' என்று பெயரிட்டுவிட்டோம்!

எதிர்த் திசையில் என்ன போயிற்று? கோழி போயிற்று. ஆசியாவின் காட்டுக்கோழியிலிருந்து வந்ததே வீட்டுக்கோழி. 1519-இல் ஸ்பானியர் மெக்சிகோவில் இறங்குவதற்கு முன் அங்கு வான்கோழி இருந்தது. நம் கோழி கிடையாது. வெங்காயம், பூண்டு, கொத்தமல்லி, சீரகம் எல்லாம் அவர்களுடன் போனவைதான். இன்று உலகம் 'மெக்சிகோ எலுமிச்சை' என்று அழைக்கும் சிறிய பழம் எது தெரியுமா? நம் வீட்டு எலுமிச்சையேதான். ஆசியாவில் தோன்றிக் கடல் கடந்து போய் அந்நாட்டுப் பெயரை ஏற்றுக்கொண்டது.

ஆக, அந்தச் சூப்பில் பாதி அங்கிருந்து வந்தது. பாதி இங்கிருந்து போனது.

இன்னொரு செய்தியும் உண்டு. பொன்னேரியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழவேற்காடு ஒரு காலத்தில் சோழமண்டலக் கரையின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அங்கே தங்கி வணிகம் செய்தார்கள். பின்னர் டச்சுக்காரர் வந்து, 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். அவர்களுடைய கல்லறைகளை இன்றும் அங்கு காணலாம். பழவேற்காட்டைச் சுற்றிய ஊர்களில் நெய்து சாயமேற்றிய துணிகள் உலகெங்கும் போயின. போர்ச்சுகீசியர் நாவில் அந்த ஊரின் பெயர் 'பலியகாத்தே'. மெக்சிகோவில் தலையிலும் கழுத்திலும் கட்டிக்கொள்ளும் வண்ணக் கைக்குட்டையை இன்றும் 'பலியகாத்தே' என்றுதான் சொல்கிறார்கள். அச்சொல் நம் பழவேற்காட்டிலிருந்து போனது என்று சொல்லாய்வாளர் பலர் கருதுகின்றனர். மெக்சிகோ விடுதலைப் போராட்ட வீரர் மொரேலோஸின் படங்களில் அவர் தலையில் கட்டியிருக்கும் துணியும் பலியகாத்தேதான்.

எனவே ஏரிக்கரைப் பிள்ளை மெக்சிகோவின் பெயரைக் கேட்டுக் கூச்சப்படத் தேவையே இல்லை. அந்நாட்டுக்காரரின் தலையில் இவன் ஊரின் பெயர் இருக்கிறது!

சோளம் வந்தது, சுண்ணாம்பு வரவில்லை

இனி அந்தக் கசப்பான பாடத்துக்கு வருவோம்.

மெக்சிகோ மக்கள் மக்காச்சோளத்தை அப்படியே அரைத்துச் சாப்பிடுவதில்லை. முதலில் அதை நீற்றுச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுதும் ஊறவிடுகிறார்கள். மறுநாள் நன்றாக அலசி, தோல் நீக்கி அரைக்கிறார்கள். இதற்கு 'நிஷ்தமல்' என்று பெயர். 3,000 ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பழக்கம் இருந்து வருகிறது.

ஏன் சுண்ணாம்பு? தோல் எளிதில் உரியும், மாவு ஒட்டிக்கொண்டு ரொட்டி தட்ட வரும் என்பது அவர்கள் கண்ணால் கண்ட பயன். கண்ணுக்குத் தெரியாத பயன் ஒன்றும் உண்டு. மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் இருக்கிறது. ஆனால் அது வேறு பொருள்களுடன் இறுகப் பிணைந்திருப்பதால் நம் குடலால் அதைப் பிரித்தெடுக்க முடியாது. சுண்ணாம்பின் காரத்தன்மை அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிடுகிறது. கூடவே கால்சியமும் சேர்கிறது.

ஸ்பானியர் மக்காச்சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். விதையை எடுத்துக்கொண்டார்கள், சுண்ணாம்பு நீரை விட்டுவிட்டார்கள். அது 'பழங்குடிகளின் பழக்கம்' என்று எண்ணியிருப்பார்கள் போலும். விளைவு என்ன? மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடையே ஒரு கொடிய நோய் தோன்றியது. தோல் வெடித்துக் கறுத்தது; வயிற்றுப்போக்கு நிற்கவில்லை; கடைசியில் புத்தி பேதலித்தது. ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர் 1735-இல் இந்நோயை விவரித்தார். இத்தாலியர் இதற்குப் 'பெல்லாக்ரா' என்று பெயரிட்டனர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இந்நோய் பல்லாயிரம் பேரைக் கொன்றது.

இது தொற்றுநோய் என்றே பெரும்பாலோர் நம்பினர். அமெரிக்க அரசு 1914-இல் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவரை ஆராய அனுப்பியது. அவர் ஒன்றைக் கவனித்தார். அனாதை விடுதிகளிலும் மனநோய் மருத்துவமனைகளிலும் உள்ளிருப்பவர்களுக்கு நோய் வருகிறது. அவர்களோடு நெருங்கிப் பழகும் ஊழியர்களுக்கு வருவதில்லை. தொற்றுநோயானால் இப்படி ஆள் பார்த்தா வரும்? இருசாராருக்கும் உள்ள வேறுபாடு சாப்பாட்டில்தான் என்று அவர் முடிவு செய்தார். மற்றவர்கள் நம்பவில்லை. 1916-இல் அவரும் அவருடைய துணைவியாரும் உடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளின் இரத்தத்தைத் தம் உடலில் செலுத்திக்கொண்டும் உடற்கழிவுகளை விழுங்கியும் சோதித்தார்கள். ஒருவருக்கும் நோய் வரவில்லை! குறைவது எந்தச் சத்து என்று தெரியுமுன்பே, 1929-இல், கோல்ட்பெர்கர் இறந்துவிட்டார். அது நியாசின் என்பது 1937-இல்தான் உறுதியாயிற்று.

மெக்சிகோவின் சமையலறையில் பெண்கள் வழிவழியாகச் செய்துவந்த காரியத்தின் காரணத்தைக் கண்டறிய, உலகத்துக்கு இத்தனை காலமும் இத்தனை உயிர்களும் தேவைப்பட்டன.

நம்மிடமும் இப்படி ஓர் உதாரணம் உண்டு. நெல்லை அவித்துக் காயவைத்து அரைப்பது நம் முன்னோர் வழக்கம். அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற வைட்டமின் அரிசியின் உள்ளே புகுந்துகொள்கிறது. அவிக்காமல் ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசியையே உண்டவர்களை பெரிபெரி நோய் தாக்கியது. இதற்குத் துப்புக் கொடுத்தவை கோழிகள்! ஜாவாத் தீவில் டச்சு மருத்துவர் ஐக்மான், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும், தவிடு கொடுத்தால் எழுந்து நடப்பதையும் 1890-களில் கண்டார். அதற்காக 1929-இல் நோபல் பரிசு பெற்றார். நம் குன்னூரில் 1918-இல் பெரிபெரி ஆராய்ச்சிக்காகத் தொடங்கிய சிறிய கூடமே வளர்ந்து, இன்று ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

நம் ஏரியின் கிளிஞ்சல்

சுண்ணாம்பு என்றவுடன் பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். ஏரியின் அடியில் கிளிஞ்சல் படிவுகள் ஏராளம். அவற்றை அள்ளிவந்து காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் தொழில் இக்கரையில் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது. பளிங்குபோல் மின்னும் பழைய 'மெட்ராஸ் சுண்ணாம்பு'ச் சுவர்ப்பூச்சு உலகப் புகழ் பெற்றது. அது கடற்கரைக் கிளிஞ்சலிலிருந்து கிடைத்த சுண்ணாம்புதான்.

கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். சுட்டால் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பாகிறது. நீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாகிறது. வேதியியல் பாடத்தில் நீங்கள் எழுதும் கால்சியம் ஹைட்ராக்சைடு இதுதான். மெக்சிகோத் தாயின் சோளப் பானையில் இருப்பதும் இதுவே!

நாமும் சுண்ணாம்பை உணவில் பயன்படுத்தத் தெரிந்தவர்கள்தான். பனையேறும் தொழிலாளி பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுகிறார். ஏன்? அந்தக் காரத்தன்மையில் நொதிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் பெருக முடியாது. தடவாவிட்டால் பதநீர் கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் அளவு கூடினாலும் ருசி கெடும். அவர் எந்தச் சோதனைச்சாலைக்கும் போகாமல் அந்த அளவைக் கையில் வைத்திருக்கிறார். அவரிடம் போய் 'ஏன்?' என்று நாம் என்றாவது கேட்டிருக்கிறோமா?

ஓர் எச்சரிக்கை. சுட்ட சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பில் கலப்படமும் இருக்கும். சுண்ணாம்பில் சோளம் வேகவைக்கும் சோதனையை நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம்.

பொட்டலத்தைப் படிப்போம்

இப்போது கடையில் அந்த மாணவன் கையிலிருந்த பொட்டலத்துக்குத் திரும்புவோம். உணவுப் பொட்டலத்தின்மேல் அதில் அடங்கிய பொருள்களை, எடை மிகுந்ததை முதலிலும் குறைந்ததைக் கடைசியிலுமாக அச்சிட வேண்டும் என்பது சட்டம். நானும் அவனும் சேர்ந்து படித்தோம். மக்காச்சோள மாவுப்பொருள், உப்பு, சர்க்கரை ஆகியவை முதலில் நின்றன. கோழியைத் தேடினோம். வரிசையின் வால் பக்கத்தில், சிறு துணுக்காக ஒட்டிக்கொண்டிருந்தது!

அடுத்து ஒரு கணக்குப் போட்டோம். பொட்டலத்தில் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று இருக்கும். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. வயது வந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே கிண்ணத்தில் எவ்வளவு போய்விடுகிறது என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

சுவையூட்டும் குளூட்டமேட் பற்றிப் பயமுறுத்தப் பலர் இருக்கிறார்கள். நான் பயமுறுத்த மாட்டேன். 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் இக்கேடா அதைக் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தார். பழுத்த தக்காளியிலும் அது இயற்கையாகவே இருக்கிறது. பொட்டலச் சூப் நஞ்சு என்று நான் சொல்லவில்லை. அதிலிருந்து நாம் எதையும் கற்றுக்கொள்வதில்லை என்பதே என் குறை. வெந்நீர் ஊற்று, கலக்கு, குடி. 'ஏன்?' என்று கேட்க அங்கே இடமே இல்லை.

வாருங்கள், காய்ச்சுவோம்

நான்கு பேருக்குத் தேவையானவை: எலும்போடு கூடிய கோழி அரைக் கிலோ, தண்ணீர் ஒன்றரை லிட்டர், பழுத்த தக்காளி 4, பெரிய வெங்காயம் 1, பூண்டு 4 பல், காய்ந்த மிளகாய் 3, சீரகம் அரைத் தேக்கரண்டி, எண்ணெய் 2 தேக்கரண்டி, கொத்தமல்லித் தழை ஒரு கைப்பிடி, எலுமிச்சம்பழம் 1, உப்பு, மக்காச்சோள மாவு ஒரு கிண்ணம். கடையில் 'கார்ன் ஃபிளவர்' என்று தரும் வெள்ளை மாவு உதவாது. மஞ்சள் நிறச் சோள மாவாகக் கேட்டு வாங்குங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும்.

முதலில் அடை. சோள மாவில் சிட்டிகை உப்பும் வெந்நீரும் சேர்த்துப் பிசைந்து மெல்லிய அடையாகத் தட்டிக் கல்லில் சுடுங்கள். ஓரங்கள் விரிசல் விடும். ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்: இந்த மாவு சுண்ணாம்பு நீரைக் காணாதது! ஆறியதும் கீற்றாக வெட்டி, மொறுமொறுப்பாகும்வரை கல்லில் வாட்டுங்கள்.

அடுத்து சாறு. கோழியைக் குளிர்ந்த நீரில் இட்டு மெல்லச் சூடாக்குங்கள். மேலே திரளும் நுரை வெப்பத்தால் உறைந்த புரதம், அதை அகற்றிவிடலாம். பிறகு தீயைக் குறைத்து, ஓரத்தில் மட்டும் குமிழி வரும்படி வேகவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறிச் சாறு கலங்கிவிடும். எலும்பையும் தசையையும் பிணைக்கும் கொல்லாஜன் என்ற புரதம் மெல்ல மெல்ல ஜெலட்டினாக மாறிச் சாற்றில் கரையும். நாக்கில் சாறு வழுவழுப்பாகப் படிவது அதனால்தான். சிறிது சாற்றைக் குளிர வைத்துப் பாருங்கள், பாகுபோல் இறுகும்.

எவ்வளவு நேரம்? இங்கேதான் சமையல் குறிப்பை அப்படியே நம்பக்கூடாது. மெக்சிகோ நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு; தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கடலை ஒட்டிய பழவேற்காட்டில் 100 டிகிரி. ஆகவே அந்நகரத்து நேரக்கணக்கு இங்கே பொருந்தாது. பண்ணைக் கோழிக்கு முக்கால் மணி போதும். நாட்டுக்கோழி என்றால் ஒன்றரை மணியாவது ஆகும். வயது முதிர்ந்த கோழியின் கொல்லாஜன் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதே காரணம்.

சாறு வேகும் நேரத்தில் தக்காளி, வெங்காயம், பூண்டு மூன்றையும் தோசைக்கல்லில் ஆங்காங்கே கறுக்கும்வரை சுடுங்கள். நீருக்குள் கிடக்கும் காய் 100 டிகிரியைத் தாண்டாது. காய்ந்த கல்லில் 140 டிகிரிக்கும் மேல் போகும். அந்த வெப்பத்தில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிந்து புதிய மணங்களையும் பழுப்பு நிறத்தையும் தருகின்றன. 1912-இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளரின் பெயரால் இதற்கு மையார் வினை என்று பெயர். வறுத்து அரைத்த குழம்பின் மணத்துக்கும் இதுவே காரணம்.

மிளகாயைக் கிள்ளி, உள்ளேயுள்ள வெளிறிய தசையையும் விதையையும் நீக்குங்கள். உறைப்புப் பொருளான கேப்சைசின் உண்டாவது அந்த வெளிறிய தசையில்தான், விதையில் உண்டாவதில்லை. மிளகாயைச் சில நொடிகள் மட்டும் வாட்டி, சூடான சாற்றில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு எல்லாவற்றையும் சீரகத்தோடு சேர்த்து அரையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொட்டுவிடாதீர்கள்!

அரைத்ததைச் சூடான எண்ணெயில் இட்டு, நிறம் கறுத்துக் கெட்டியாகும்வரை வதக்குங்கள். கேப்சைசினும் மிளகாயின் செந்நிறமும் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். வாய் எரியும்போது தண்ணீர் குடித்துப் பயனில்லை, மோர் குடித்தால் அடங்குகிறது என்பதன் காரணமும் இதனோடு சேர்ந்ததே. உண்மையில் கேப்சைசின் வாயைச் சுடுவதில்லை. வெப்பத்தை உணரும் நரம்பு வாயிலைத் திறந்துவிட்டு, 'சுடுகிறது' என்று மூளையை ஏமாற்றுகிறது. அந்த வாயிலை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பறவைகளின் வாயிலுக்கு இந்த ஏமாற்று வேலை பலிக்காது. அதாவது, நீங்கள் கண்ணீர் விட்டுக்கொண்டு சாப்பிடும் மிளகாய் அந்தக் கோழிக்கு உறைத்திருக்காது!

வதங்கியதில் சாற்றை ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, கோழியைப் பிய்த்துப் போடுங்கள். உப்பைக் கடைசியில், ருசி பார்த்துச் சேருங்கள். அடுப்பை அணைத்த பிறகே எலுமிச்சை பிழிய வேண்டும். வைட்டமின் சி வெப்பத்தில் அழிந்துவிடும். ஹங்கேரிய விஞ்ஞானி சென்ட்-ஜியோர்ஜி இந்த வைட்டமினை ஏராளமாகப் பிரித்தெடுத்தது எதிலிருந்து தெரியுமா? தம் ஊரில் விளைந்த மிளகாயிலிருந்து. 1937-இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கொத்தமல்லித் தழையும் அடைக் கீற்றுகளும் மேலே தூவினால் சூப் தயார்.

பச்சைக் கோழியைக் குழாயடியில் வேகமாகக் கழுவாதீர்கள். கிருமிகள் சுற்றிலும் தெறிக்கும். அது பட்ட கத்தியையும் பலகையையும் சோப்பால் கழுவுங்கள். மீந்த சூப்பை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்காதீர்கள்.

'யாருக்கு நேரம்?'

'இதற்கெல்லாம் வீட்டில் யாருக்கு நேரம்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஏரிக்கரைக் குப்பங்களில் அப்பா வலையோடு போகிறார். அம்மா விடியுமுன்பே கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போய் உச்சி வெயிலில் திரும்புகிறார். அவரை அடுப்படியில் இன்னும் ஒரு மணி நேரம் நில் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆகவேதான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை நீங்கள் காய்ச்சுங்கள். குறிப்பாக, பையன்களே, நீங்கள்! வேதியியல் சோதனையை ஆர்வத்தோடு செய்கிறவன் அடுப்பின் முன் நிற்பதை ஏன் பெண்பிள்ளை வேலை என்று நினைக்க வேண்டும்?

கோழி வாங்க வசதியில்லாத வாரம் நண்டு ஓட்டிலும் இறால் தலையிலும் இதே முறையில் சாறு எடுக்கலாம். அவை கோழியைவிட விரைவில் வெந்துவிடும். மெக்சிகோவின் கடற்கரைக்காரர்களும் இறால் சாறு காய்ச்சிக் குடிப்பவர்கள்தான். முகத்துவாரம் மணல் மூடி, கடல்நீர் வராமல் ஏரியில் மீன் குறையும் காலங்கள் உண்டு. அப்போது இருப்பதை வைத்துச் சாறு எடுக்கும் கைப்பக்குவம் உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பக்குவத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு நோட்டும் பேனாவும் போதும். கேட்காமல் விட்டால் அது அடுத்த தலைமுறைக்கு வராது. ஐரோப்பாவுக்குப் போன மக்காச்சோளத்தின் பின்னால் சுண்ணாம்பு நீர் வராமல் போனது போலத்தான்.

அன்று அந்த மாணவன் பொட்டலத்தை அலமாரியில் வைத்துவிட்டுத் தக்காளியும் எலுமிச்சம்பழமும் வாங்கிப் போனான். பத்து நாள் கழித்து மீண்டும் பார்த்தேன். சூப் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"தங்கச்சி ரெண்டு கிண்ணம் குடிச்சுது சார். ஆனா அடை ஒடிஞ்சிருச்சு" என்றான். பிறகு, "அம்மாகிட்ட நண்டு ரசம் பத்தியும் கேட்டேன் சார். காலை இடிச்சுப் போட்டாத்தான் சாறு எறங்கும், கடைசியிலதான் உப்புப் போடணும், ஏன்னா ஏரி நண்டுலயே உப்பு இருக்கும், ஒவ்வொரு மாசமும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்னாங்க. மழைக்காலத்துல ஏரித் தண்ணியில உப்பு கொறையுமில்ல சார், அதனாலயா?"

நல்ல கேள்வி. விடையை நான் சொல்லவில்லை. மழைக்கு முன்னும் பின்னும் ஏரி நீரை ஒரே அளவு எடுத்துக் காய்ச்சி, மிஞ்சும் உப்பை நிறுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.